பத்தொன்பதாவது பெயர்

போன மாதம் யோகேஸ் போன் செய்தாள். நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் கற்றல் ஆதரவுப் பிரிவில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். புதிதாக வரும் மாணவர்களில் யாருக்கு முதல் பருவத்தில் கூடுதல் வகுப்பு வேண்டும் என்று கண்டுபிடித்துக் கைகொடுப்பது அந்தப் பிரிவின் வேலை. முப்பத்தோரு வருடம் நான் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன்.

யோகேஸ் சொன்ன செய்தி இதுதான். அடுத்த சேர்க்கையிலிருந்து பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதில்லையாம். ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் தனியாகச் செய்தி போகும். உங்களுக்கு ஆதரவு வகுப்பு பரிந்துரைக்கப்படுகிறது, சேர்கிறீர்களா, வேண்டாமா என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். நாலு பேர் பார்க்க பலகையில் பெயர் தொங்காது. "நல்லதுதானேக்கா? நீங்க என்ன நெனக்கிறீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், நம்ம பிரிவு மலர்ல போடுறோம்" என்றாள்.

நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அந்தப் பலகையைப் பற்றி எழுதினால் ஒரு விஷயத்தை எழுதாமல் தப்பிக்க முடியாது என்றேன். என்ன அது என்று கேட்டாள். எழுதித் தருகிறேன், படித்துக்கொள் என்று சொன்னேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை, யோகேஸ் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் தட்டச்சு செய்பவளாகத்தான் உள்ளே போனேன். வீடு இருந்த ஜெலுத்தோங்கிலிருந்து தினமும் பஸ். முதல் சில வருடங்கள் கடிதம் அடிப்பது, நகல் எடுப்பது, தேர்வு மண்டபத்தில் நாற்காலி எண்ணுவது என்று ஓடிப்போயின. இடையில் பகுதி நேரமாகப் படித்து ஒரு பட்டம் வாங்கினேன். திட்ட அலுவலர் என்று பெயர்ப் பலகை வைத்துத் தந்தார்கள். அதற்குள் இரண்டு தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் புவான் ரொஹானா. புவான் என்றால் மலாயில் திருமதி. வேலை என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் சம்பளத்துக்குச் செய்தது.

புவான் ரொஹானா குள்ளமாக, ஒல்லியாக இருப்பார். மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். எங்களுக்கு அதுதான் பயம். சிவப்புப் பேனா எங்கள் அறைக்குள்ளேயே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் பென்சில்தான். மாணவர் யாராவது வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பேசமாட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்வார். என்ன பிரச்சினை என்று கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை. நோட்டைக் காட்டு என்றுதான் கேட்க வேண்டும். பிரச்சினை இன்னதென்று தெரிந்த பிள்ளை நம்மிடம் ஏன் வரப்போகிறது என்பார். எங்கே மை நிற்கிறதோ அங்கேதான் பிள்ளை நிற்கிறது, அதைப் பார், முகத்தைப் பார்க்காதே என்பது அவர் பாடம்.

புது மாணவர்களுக்கான சோதனையை அவர்தான் வகுத்தார். அறிமுக வாரத்தின் நடுவில், எல்லோரையும் பெரிய மண்டபத்தில் உட்கார வைப்போம். ஆளுக்கு ஒரு கோடு போட்ட தாள். ஒலிப்பெருக்கியில் இருபது நிமிட விரிவுரை ஒன்று ஓடும். சதுப்புநிலக் காடுகளைப் பற்றியது, ஆங்கிலத்தில், யாருடைய பாடத்துக்கும் நேரடியாகச் சம்பந்தமில்லாதது. கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் மேடையிலிருந்து ஒரு சின்ன மணியை அடிப்பேன். மணி கேட்டதும், எழுதிக்கொண்டிருக்கும் இடத்தில் தாளின் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. கேள்வியும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது.

அதற்குப் பிறகு மூன்று நாள் எங்களுக்குத் தாள் படிக்கும் வேலை. கோடுகளுக்கு இடையில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று பார்த்தால், எந்த நிமிடத்தில் பிள்ளை விரிவுரையைத் தவறவிட்டது என்று தெரிந்துவிடும். அந்த நிமிடத்தை மட்டும் புவான் தாளின் மூலையில் பென்சிலால் எழுதுவார். எட்டு. பதினான்கு. இருபது. பலவீனம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. இந்தப் பையன் எட்டில் நின்றிருக்கிறான், ஒன்பதிலிருந்து பிடித்துக்கொள்வோம் என்பார். பதினைந்துக்குள் நின்றவர்களின் பெயர்கள் பட்டியலுக்குப் போகும். அவர்களுக்கு எட்டு வாரம், வாரம் இரண்டு வகுப்பு. விரிவுரையை எப்படிக் கேட்பது, விட்டுப்போனதை எப்படிப் பிடிப்பது, பேராசிரியரிடம் போய் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்போம். பட்டியலில் வந்தவர்கள் வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும்.

முதல் தடவை அவர் முறையின் அருமை எனக்குப் புரிந்தது கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்த ஒரு பையனால். பெயர் ஹஃபிஸ். சோதனைத் தாளில் இரண்டாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டான். மண்டை காலி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். புவான் அவனுடைய கணித விரிவுரை நோட்டைக் கேட்டு வாங்கினார். அது நன்றாகவே இருந்தது, ஆனால் நடுநடுவே வெட்டி எடுத்த மாதிரி ஓட்டைகள். மறுநாள் அவர் அந்த வகுப்பில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஓட்டை விழும்போதெல்லாம் பேராசிரியர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்தார். பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பையனின் மை நின்றது. அவன் காதால் கேட்கவில்லை, உதட்டைப் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் முழுக்க அப்படியே ஓட்டியிருக்கிறான், வீட்டுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். மண்டை காலி என்று நினைத்ததற்கு நான் மனசுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதனால்தான் இதைச் சொல்லிவிட்டு அதைச் சொல்கிறேன்.

அது நடந்து பத்து வருடத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அந்த வருடம் பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள். அறிமுக வாரத்தின் கடைசி நாள், சனிக்கிழமை. புவான் கையெழுத்துப் போட்ட பட்டியலையும் குண்டூசி டப்பாவையும் எடுத்துக்கொண்டு பலகையில் ஒட்டக் கீழே இறங்கினேன். பலகை நுழைவாயிலில் இருந்தது, அதற்கு மேலே சுவரில் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிய எழுத்தில். முந்தின வாரத்துத் தாள்களையெல்லாம் காலையில்தான் பிய்த்துத் துடைத்து வைத்திருந்தேன்.

பலகைக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றது. தாசேக் கெலுகோர் என்ற ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பதினொரு பேர் இருப்பார்கள். பிள்ளையின் அப்பா செம்பனை ஆலையில் லோரி ஓட்டுபவர், இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். கோயில் செயலாளர் வந்திருந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். கையில் சாப்பாட்டு டப்பாக்களோடு இரண்டு அத்தைமார். நடுவில் மாலை போட்டபடி, எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு பெண். அவர்கள் குடியிருக்கும் தாமானிலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் பிள்ளையாம். ஒரு வாரம் பார்க்காமல் இருக்க முடியாமல் மாலையோடு வந்துவிட்டார்கள்.

"டீச்சர், கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா? மேல பேரு தெரியிற மாதிரி பிள்ளைய நடுவுல வெச்சு ஒரு படம் புடிச்சுக்கிறோம்" என்றார் அப்பா.

நகர்ந்தேன். பெயர் என்னம்மா என்று கேட்டேன். வாசுகி என்றது அந்தப் பெண். வேதியியல் படிக்க வந்திருந்தாள். கையிலிருந்த பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் அது. அத்தைமாரில் ஒருவர் பலகையைக் காட்டி, இதில்தான் நல்லா படிக்கிற பிள்ளைங்க பேரையெல்லாம் ஒட்டுவாங்களா என்று என்னிடம் கேட்டார். பட்டியலை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

மாணவர்கள் எங்கள் வகுப்புக்கு வைத்திருந்த பெயர் லெம்பாப் கிளாஸ். மலாயில் மந்தம் என்று பொருள். பட்டியல் ஒட்டிய அன்று மாலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும் யார் யார் லெம்பாப் என்று.

எனக்கு அந்த அவமானம் புதிதில்லை. நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். அந்தக் காலத்தில் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மலாய் போதாதவர்களை ஒரு வருடம் ரிமூவ் வகுப்பு என்று தனியாக உட்கார வைப்பார்கள். நான் உட்கார்ந்தேன். மாதா கோயில் வாசலில் அம்மாவிடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர், பிலோமினா இன்னும் ரிமூவ்தானா என்று கேட்பார்கள். அம்மா பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பார். அந்த இழுப்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

திரும்பி மாடி ஏறினேன். கணினியைத் திறந்து வாசுகியின் பெயரை எடுத்தேன். இருபத்திரண்டு பெயரோடு புதிதாக ஒரு பட்டியல் அச்செடுத்தேன். பழையதைக் கிழித்துக் கூடையில் போட்டேன். புவானிடம் போய், தட்டச்சில் ஒரு பிழை, இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றேன். அவர் டீனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். எப்போதும் பட்டியலை விரல் வைத்து எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அன்று எண்ணவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போட்டார்.

வேன் போன பிறகு ஒட்டினேன்.

இந்த இடத்தில் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஒரு சாக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை நானே தனியாகக் கவனித்துக்கொள்வேன், வாரம் ஒரு மணி நேரம் கூப்பிட்டுத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். மூன்றாவது வாரம் சிற்றுண்டிச்சாலையில் அவளைப் பார்த்தேன். எல்லாம் ஓகேவா என்று கேட்டேன். ஓகே மிஸ் என்றாள். நோட்டைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் ஆள் நின்றது, மீ நூடுல்ஸைத் தட்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அவ்வளவுதான் என் கவனிப்பு.

அதன் பிறகு ஒரு வருடம் அவளை நான் மறந்தேபோனேன். மறுபடி பார்த்தது என் மேசைக்கு முன்னால். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதத்தை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

"சூராட் வந்துருக்கு மிஸ்" என்றாள்.

நீக்கக் கடிதம். முதல் பருவத்தில் தவறி எச்சரிக்கை வாங்கியிருக்கிறாள், இரண்டாம் பருவத்திலும் தவறிவிட்டாள். பதினான்கு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், இல்லையென்றால் விடுதியைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் வந்திருந்தாள். தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதானே.

நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நோட்டைக் காட்டு என்றேன், ஒரு வருடம் கழித்து. அழகான நோட்டு. தலைப்புகளெல்லாம் பச்சை மையில், அடிக்கோடு ஸ்கேல் வைத்து. திரையில் காட்டியதை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். பேராசிரியர் வாயால் சொன்னது ஒரு வரிகூட இல்லை. ஏம்மா முதலிலேயே யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேக்கலாம்னுதான் மிஸ் இருந்தேன். அந்த டெஸ்ட் அன்னிக்கே பாதிக்கு மேல ஒன்னும் புரியல. கண்டிப்பா என் பேரு போர்டுல வந்துரும், கிளாஸ்ல சேந்து கத்துக்கலாம்னு நெனச்சேன். அப்பாலாம் வேன்ல போனப்புறம் ஓடி வந்து பாத்தேன். மூனு தடவ தேடுனேன் மிஸ். பேரு இல்ல. சரி, அப்ப எல்லாருக்குமே இப்படித்தான் புரியாதுபோலன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் யாருக்கிட்டயும் கேக்கல."

குறை சொல்லும் குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வெட்கப்படுவாள் என்று நான் எதை மறைத்தேனோ, அதைத்தான் அவள் மூன்று தடவை தேடியிருக்கிறாள். வெட்கம் அவளுடையதே இல்லை. ரிமூவ் வகுப்பில் உட்கார்ந்த பிலோமினாவின் வெட்கத்தைத் தூக்கி அந்தப் பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறேன்.

நாளை வா, கடிதம் எழுதலாம் என்று அனுப்பிவைத்தேன். அவள் போன அரை மணி நேரத்தில் மேல்முறையீட்டுக் குழுவிலிருந்து பாரம், அதாவது படிவம், வந்தது. நீக்கக் கடிதம் போகும்போதே எங்களுக்கும் ஒரு பாரம் வந்துவிடும், நான்தான் நிரப்பி அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கேள்வி முக்கியம். மாணவருக்குக் கற்றல் ஆதரவு தேவை என்று சேர்க்கையின்போது கண்டறியப்பட்டதா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள். அதற்குக் கீழே அவள் படிக்கும் வேதியியல் புலத்தின் குறிப்பு ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆதரவுப் பட்டியலில் இவர் பெயர் இல்லை, திறமை உள்ளவர், முயற்சியின்மையே தோல்விக்குக் காரணம், நீக்கத்தை உறுதி செய்யலாம்.

இல்லை என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டால் போதும். கோப்பில் இருப்பதும் அதுதான். உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆம் என்று போட்டால் என் வேலைக்கு உலை. அந்த வருடம்தான் என் மகனைக் கல்லூரியில் சேர்த்திருந்தோம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன். உடனே உண்மையின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மதியச் சாப்பாடு முடிந்து வரும் வரைக்கும் இல்லை என்று போடத்தான் இருந்தேன்.

சாமான் அறைக்குப் போனேன். போன வருடத்துச் சோதனைத் தாள்கள் ஒரு பெட்டியில் கட்டி இருந்தன. அவளுடையதைத் தேடி எடுத்தேன். முதல் கோடு வரைக்கும் நெருக்கமாக எழுத்து. இரண்டாவது கோடு வரைக்கும் நாலு வரி. அதற்குப் பிறகு ஒரே ஒரு வார்த்தை, பக்கத்தில் கேள்விக்குறி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் நான் அடித்த ஒவ்வொரு மணிக்கும் மரியாதையாகக் கோடு போட்டிருந்தாள். வெறும் தாளில் இரண்டு கோடு, ஸ்கேல் வைத்து, நேராக. மூலையில் புவானின் பென்சில் எழுத்தில் பதினொன்று. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன்.

தாளைக் கொண்டுபோய் புவானின் மேசையில் வைத்தேன். நடந்ததை நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். பிறகு வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். மலாயில் சொன்னதை என்னால் முடிந்த அளவு இங்கே தருகிறேன்.

"பெயரை எடுத்தது நீ. எண்ணாமல் கையெழுத்துப் போட்டது நான். இரண்டையும் எழுது."

தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். கையெழுத்துக்குக்கூட என் பேனாவைத்தான் வாங்குவார், அவரிடம் பேனா இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் வாசுகி வந்தாள். கடிதம் எழுதுவதற்கு முன்னால் உண்மையைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அந்தத் தாளைப் பார்க்கணும் என்றாள். கொடுத்தேன். விரலால் கோடுகளைத் தடவிப் பார்த்தாள்.

"கோடு மட்டும் நல்லாத்தான் போட்டிருக்கேன்லா" என்றாள்.

தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மேல்முறையீட்டுக் கடிதத்தை என் உதவி இல்லாமல் அவளே எழுதிக் கொடுத்தாள்.

குழு கூடுவதற்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் வேலை நேரம் முடிந்த பிறகு புவானும் நானும் சாமான் அறையில் உட்கார்ந்தோம். முந்தைய ஆறு வருடத்துப் பெட்டிகளையும் பிரித்து, தாளில் இருந்த எண்ணையும் பட்டியலில் இருந்த பெயரையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எதற்கு என்று நான் கேட்டேன். கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார். தூசியில் எனக்கு இருமல் வந்தது. அவர் முகமூடி வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். தண்டனையா கரிசனமா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

குழுவில் ஐந்து பேர். நான் எழுதியதை நானே வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசித்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர், அந்த மாணவி இந்தியப் பெண் என்பதால்தான் பெயரை எடுத்தீர்களா என்று நேராகக் கேட்டார். ஆமாம் என்றேன். நம்ம பிள்ளை என்பதை மலாயில் எப்படிச் சொல்வதென்று ஒரு நொடி தேடினேன். சொன்னாலும் நியாயமாகாது என்று விட்டுவிட்டேன். அப்படியானால் இன்னும் எத்தனை பேருக்கு இந்த மாதிரி செய்தீர்கள், இல்லை என்று சொன்னால் நாங்கள் எப்படி நம்புவது என்றார். அப்போதுதான் புவான் ஆறு வருட ஒப்பீட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிசகு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதில் தன் கையெழுத்தும் இருக்கிறது என்றார். பிறகு வாசுகியின் தாளை அவர்கள் முன்னால் பிரித்து வைத்து, இந்தப் பெண் முயற்சி செய்யாதவள் என்று புலம் எழுதியிருக்கிறது, இந்தக் கோடுகளைப் பாருங்கள் என்றார். ஐந்து பேரும் தாளைக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் என்னைத் தன் காரில் ஏறச் சொன்னார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய் ஒரு கடையில் இரண்டு பேருக்கும் நாசி கண்டார் சோறு சொன்னார். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அடுத்த பருவத்து வகுப்பறையில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று கேட்டார். இருபத்தைந்து என்றேன். இன்னொன்று போடு என்றார். முடிவு வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று இழுத்தேன். நாற்காலி தயாராக இருக்கட்டும் என்றார்.

முடிவு வந்தது. வாசுகிக்கு ஒரு பருவம் அவகாசம். ஆதரவு வகுப்பு கட்டாயம், தேறாவிட்டால் பிறகு பேச்சே இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், மூன்று வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. புவானுக்கும் ஒரு கடிதம் போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

கடைசியில் வாசுகி தேறினாள். ஆஹா ஓஹோ என்றெல்லாம் இல்லை. தன் கூட்டாளிகளைவிட ஒரு வருடம் பிந்தி, நடுத்தரமான பட்டம் வாங்கினாள். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. தீபாவளிக்கு எனக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவாள், கிறிஸ்துமஸுக்கும் அனுப்புவாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டு அவளுக்கு இன்னொரு வேலை வைப்பானேன்.

யோகேஸ், நீ கேட்டதற்கு வருகிறேன். பலகையை எடுப்பது நல்லதுதான், நாலு பேர் சிரித்தது போதும். ஆனால் அந்த இரண்டாவது பொத்தான் இருக்கிறதே, வேண்டாம் என்பது, அதை அமுக்குகிற பிள்ளையை ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வைத்து நோட்டை வாங்கிப் பார். எல்லாம் ஓகேவா என்று மட்டும் கேட்டுவிடாதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவகாசம் கிடைத்த அந்தப் பருவத்தின் முதல் நாள். இருபத்தாறு பெயர்கள். புவான் விரல் வைத்து இரண்டு முறை எண்ணிக் கையெழுத்துப் போட்டார். நான் கீழே இறங்கி ஒட்டினேன். வழக்கம்போலப் பிள்ளைகள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தங்கள் பெயர் இருந்தால் பார்க்காத மாதிரி நகர்ந்துபோனார்கள்.

வாசுகி வந்தாள். நேராகப் பலகைக்கு எதிரே நின்று, விரலை மேலிருந்து கீழே ஓட்டித் தன் பெயரில் நிறுத்தினாள். கைப்பேசியை எடுத்துப் பட்டியலைப் படம் பிடித்தாள். சுற்றி நின்றவர்கள் வினோதமாகப் பார்த்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை. எதுக்கும்மா படம் என்று கேட்டேன். உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"அப்பாவுக்கு மிஸ். அன்னிக்கு எல்லாரும் நின்னு எடுத்த படத்த வீட்டுல ஃபிரேம் போட்டு மாட்டிருக்காங்க. அதுல போர்டு காலியா இருக்கும். ஏம்மா இவ்ளோ பெரிய போர்டுல ஒன்னுமே இல்லன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருப்பாரு."

பட்டியலின் கீழ் மூலையில் ஒரு குண்டூசி சரியாக ஏறாமல் தாள் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரலால் அதை அழுத்திவிட்டு, வகுப்புக்குப் போனாள்.